மேல் முடிச்சு

அர்த்தனாரி வீட்டில் கட்டாமல் விட்டது என்று ஒன்றும் கிடையாது. கேஸ் சிலிண்டரைச் சன்னல் கம்பியோடு கட்டியிருந்தார். தண்ணீர் டிரம்மைக் கொய்யா மரத்தோடு கட்டியிருந்தார். மலைமேல் இருக்கும் செம்மேட்டுச் சந்தையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினால்கூட அது வண்டி சீட்டில் கட்டுண்டுதான் வீடு வந்து சேரும். “ஏனுங்க, வாழப்பழம் எந்திரிச்சு ஓடியா போயிரும்?” என்று சென்னம்மாள் ஆரம்பத்தில் கேலி பண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்த மனுசன், எதைச் செய்தால் கண் மூடுகிறாரோ அதைச் செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

அவர்களுக்குச் சொந்த ஊர் அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சி. அர்த்தனாரி லோடுமேன். மலையில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு பிடுங்கும் காலத்தில் லாரியோடு ஏறி வந்து, மூட்டை அடுக்கி, கயிறு போட்டு, லோடோடு கீழே இறங்கி ஜவ்வரிசி மில்லில் சேர்ப்பார். அவர் போட்ட கட்டை மலையே புரண்டாலும் அசைக்க முடியாது என்பார்கள். ஆனால் லோடு முடிச்சில் ஒரு சூட்சுமம் உண்டு. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், தொங்குகிற வால்நுனியைப் பிடித்து ஒரு வெடுக்கு வெடுக்கினால் முழுசும் அவிழ்ந்துவிடும். மில்லில் இறக்குகிறவன் பாடு லேசாகட்டும் என்று எவனோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்து வைத்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள், மூத்தவன் கார்த்தி அப்பனோடு லோடுக்கு வந்தவன், கேபினில் இடமில்லை என்று மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். பாறை வளைவில் லாரி சாய்ந்தது. பிடிக்க ஏதாவது அகப்படுமா என்று துழாவிய கைக்கு அந்த வால்நுனிதான் அகப்பட்டிருக்கிறது. அவன் இழுத்தான். முடிச்சு தன் வேலையைச் செய்துவிட்டது. மூட்டைகளோடு அவனும் போனான்.

அவனை அடக்கம் பண்ணிவிட்டு மலையேறிய அர்த்தனாரி அதற்கப்புறம் இறங்கவில்லை. அந்த வளைவைக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்று சொல்லி, குடும்பத்தைச் செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டுக்கு மாற்றிவிட்டார். மலைக்குள்ளேயே மூட்டை ஏற்றுகிற வேலை. லோடு முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சுப் போடத் தொடங்கினார். இழுத்தாலும் அவிழாத மேல் முடிச்சு. மற்ற லோடுமேன்களும் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். “கார்த்தி முடிச்சுப் போட்டாச்சாடா?” என்று அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதைச் சென்னம்மாள் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் தன் காதால் கேட்டாள். பெற்ற பிள்ளையின் பேர் கடைசியில் கயிற்றில் வந்து நிற்கிறதே என்று, காய்கறிப் பையைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மிச்சம் இருந்தது இளையவள் அருள்மொழி ஒருத்திதான்.

டிகிரி முடித்துவிட்டு அருள்மொழி வேலைக்குப் போன இடம்தான் விசித்திரம். சேலத்துக்காரர்கள் சிலர் சேர்ந்து, மேற்கே சரிவுகளுக்கு நடுவில் கிடந்த ஒரு பழைய ஏரியில் படகுக் கிளப் வைத்திருந்தார்கள். கால் மிதித்துப் போகிற படகு அல்ல, பாய்ப்படகு. “கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், மலமேல கப்பல் உடறானுக!” என்று செம்மேடே சிரித்தது. பில் போடப் போன பெண், ஒரு வருடத்தில் நீச்சல் பழகி, படகு பழகி, மாதாமாதம் நடக்கும் கிளப் போட்டியில் சேலத்துப் பையன்களை முந்துகிற அளவுக்கு வந்துவிட்டாள். வருகிற போட்டியிலும் முந்தினால் பயிற்சி கொடுக்கிற வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு பேர் ஓட்டுகிற படகில் அவளோடு வருகிற, பக்கத்துத் திருப்புலி நாட்டுச் சுகந்திக்குக் காய்ச்சல் வந்து படுத்தது அந்த நேரத்தில்தான்.

அது ஆடி மாசம். சனிக்கிழமை காலையில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் தின்றுகொண்டிருக்கும்போது அருள்மொழி அப்பனைப் பார்த்துக் கேட்டாள்.

“அப்பா, நாளைக்கு நீங்க வாரீங்களா எங்கூட?”

“எங்கே கண்ணு?”

“படகுக்கு. ஆடிக் காத்துக்கு ஒடம்பு கனமா ஒராளு வேணும். நீங்கன்னா சரியா இருக்கும்.”

சென்னம்மாள் முந்திக்கொண்டாள். “நல்ல கதையா இருக்குதே! உங்கொப்பனுக்கு முழங்கால் தண்ணியில எறங்குனாலே ஆகாது. போட்டியுமாச்சு மண்ணுமாச்சு, அடுத்த மாசம் பாத்துக்கலாம், பேசாம பொட்டாட்ட இரு.”

“லைஃப் ஜாக்கெட் போட்டுக்குவாரும்மா. தண்ணிக்குள்ள தள்ளுனாலும் முங்கமாட்டாரு.”

அர்த்தனாரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக அவரை யாரும் எதற்கும் வாங்க என்று கூப்பிட்டதில்லை. கை கழுவிவிட்டு வந்து, “வாரேன் சாமி,” என்றார்.

அன்று மதியமே ஒத்திகை. சென்னம்மாளும் கூடப் போய் ஏரிக்கரையில் உட்கார்ந்தாள். கரையை ஒட்டிப் படகை நிறுத்திவைத்துக்கொண்டு மகள் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் அவள் காதில் விழுந்தது.

“நான் சுக்கானப் புடிச்சுக்கறேன். உங்களுக்கு ஒரே வேல, இந்தப் பாய்க்கவுறு. இழுத்தா பாய் இறுகும், படகு ஓடும். காத்து ஓங்கி அடிச்சா உட்டரணும்.”

“உட்டரணுமா?”

“ஆமாங்கப்பா. உட்டா பாய் படபடன்னு அடிச்சுக்கும், படகு நிமுந்துக்கும். உடலீன்னா கவுந்துரும்.”

“அட சாமீ! கவுத்தக் கைய உட்டு உடறதா? கவுறு போனா லோடு போச்சுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க.”

“இது லாரி இல்லீங்கப்பா. அய்யோ, கையில சுத்தாதீங்க! சும்மா புடிங்க. போன மாசம் ஒருத்தன் கையில சுத்தி வெச்சு, உட நேரமில்லாம முங்கி எந்திரிச்சான்.”

திட்டு வாங்கிய பள்ளிக்கூடப் பையன் மாதிரி அர்த்தனாரி கயிற்றைக் கையிலிருந்து அவிழ்த்தார். பேச்சு மாறி இரண்டு நிமிடம் ஆவதற்குள் அவர் கை தானாகவே அதை மறுபடி உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. முப்பது வருடம் மூட்டை இறுக்கிய கை. அதற்கு யார் சொல்லிப் புரியவைப்பது? மகள் பார்க்கவில்லை. சென்னம்மாள் பார்த்தாள்.

“எதுத்த சரிவுல பாருங்க,” என்றாள் அருள்மொழி. “மொளகுக்கொடி ஏத்துன சில்வர் ஓக் நிக்குதில்ல? எல பச்சையாத் தெரியற வரைக்கும் பயமில்ல. சரிவே திடீர்னு வெளுத்துச்சுன்னா, எலயெல்லாம் அடி வெள்ளையத் திருப்பிக்கிட்டுக் காத்து எறங்கி வருதுன்னு அர்த்தம். நான் கத்துறதுக்குள்ள நீங்க கவுத்த உட்டிருக்கணும்.”

படகு நடு ஏரிக்குப் போய்த் திரும்பியது. சின்னதாக ஒரு காற்று அடித்து, அர்த்தனாரி கயிற்றைத் தாமதமாக விட்டு, தண்ணீர் எழும்பி அவர் மூஞ்சியில் அறைந்தது. அவர் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அந்தச் சத்தம் தண்ணீர் மேல் வந்து கரையில் இருந்த சென்னம்மாளைத் தொட்டது. கார்த்தி போனதிலிருந்து அவள் அதைக் கேட்டதில்லை. வேண்டாம் என்று சொல்ல எடுத்த வாயை அவள் அப்படியே மூடிக்கொண்டாள். அந்தச் சிரிப்பைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஆனால் பயம் போகுமா? சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டே, மகள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, புருசனிடம் சொன்னாள்.

“ஏனுங்க, நாளைக்கு அவ இடுப்புல ஒரு கவுத்தப் போட்டுப் படகோட கட்டிருங்க.”

அர்த்தனாரி நிமிர்ந்து பார்த்தார். “அவளுக்குத்தான் நீச்சத் தெரியுமே புள்ள.”

“கார்த்திக்கு லோடு மேல உக்காரத் தெரியாதா? தெரிஞ்சு என்ன பண்ணுச்சு? தூக்கி வீசுனாலும் படகு மெதக்கும், அதோட அவளும் கெடப்பா.”

“கேக்கமாட்டா.”

“நாஞ் சொன்னேன்னு சொல்லுங்க. அம்மா அழுவுறான்னு சொல்லுங்க.” கீரைத் தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு மறுபடியும் சொன்னாள். “மேல் முடிச்சும் போட்டுருங்க.”

அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளுக்கே திக்கென்றது. பஸ் ஸ்டாண்டில் எதைக் கேட்டு அழுதாளோ அதையே கேட்டு வாங்குகிறாள். அர்த்தனாரி எழுந்துபோய், மூலையில் சுருட்டிக் கிடந்த நைலான் கயிற்றில் ஒரு பாகம் அறுத்துவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது காற்றே இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அன்றைக்கு அடுப்புப் புகைகூட நட்டுக்குத்தலாக நின்றது. ஏரியின் மேல் மூடுபனி அசையாமல் படுத்திருந்தது. கரையில் அன்னாசி அறுத்து விற்றுக்கொண்டிருந்த மலைக்காரி சின்னாயி, வானத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“ஆடியில காத்து நிக்கறது நல்லதுக்கில்ல அம்மிணி. எங்கியோ மூச்சுப் புடிச்சுக்கிட்டு நிக்குது. உடறப்ப ஒட்டுக்கா உடும்.”

“நீ வேற வயித்துல புளியக் கரைக்காத சின்னாயி.”

“நான் என்னத்தக் கரைக்கறது? கண்டதச் சொன்னேன். இந்தா, ஒரு கீத்துத் தின்னு.”

அன்னாசிக் கீற்று சென்னம்மாள் கையிலேயே இருந்தது. மூங்கில் புதருக்கு இந்தப் பக்கம் படகை ஒதுக்கி நிறுத்தி, அப்பனும் மகளும் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அவர் கயிற்றை எடுத்ததும் அருள்மொழி எகிறினாள்.

“என்னங்கப்பா இது, ஆட்டுக்குட்டியாட்டம்! படகுல ஆளக் கட்டவே கூடாதுங்க. கிளப்புல பாத்தா போட்டியிலிருந்தே எடுத்துருவாங்க.”

“அம்மா சொல்லிட்டா கண்ணு. ஜாக்கெட்டுக்குள்ள கட்டுனா ஆருக்குத் தெரியும்?”

அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். சென்னம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். பெற்றவள் மகளைக் கும்பிடலாமா? கும்பிட்டாள். அருள்மொழி அப்புறம் ஒன்றும் பேசவில்லை. கன்னம் உப்பி, மூக்கு விடைத்து, விறைப்பாக நின்றாள். கோபித்துக்கொண்டாள் போல என்று சென்னம்மாள் நினைத்தாள். அர்த்தனாரி மகளின் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டு, மறுமுனையைப் படகின் குறுக்குப் பலகையில் போட்டு, இரண்டிலும் மேல் முடிச்சையும் இழுத்து இறுக்கினார். இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார். ஜாக்கெட்டை அதன்மேல் அவரே மாட்டிவிட்டார்.

“இனி பயமில்ல,” என்றார், மனைவியைப் பார்த்து.

அவர் உயிரோடு அவளிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

கிளப்காரர் குழந்தைசாமி விசில் ஊதினார். படகுகள் கிளம்பின, ஆனால் காற்றில்லாமல் சோம்பேறி மாடுகள் போல ஆளுக்கொரு பக்கம் நின்றன. சிவப்புப் பாய் போட்ட அருள்மொழியின் படகு மட்டும் எங்கிருந்தோ ஒரு மூச்சுக் காற்றைக் கண்டுபிடித்து மெல்ல முன்னால் போயிற்று. தூரத்து மிதவையைச் சுற்றித் திரும்பும்போது அதுதான் முதலில். “உம்பொண்ணு தாண்டிட்டா அம்மிணி!” என்று சின்னாயி கத்தினாள். சென்னம்மாளுக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நிமிடம், உண்மையாகவே, பெருமையாக இருந்தது.

அப்போது மரம் வெளுத்தது.

முதலில் கணவாய் ஓரத்தில் கொஞ்சம். பிறகு சரிவு முழுக்க, மேலிருந்து கீழாக, யாரோ வெள்ளை வேட்டியை உதறிப் போட்டாற்போல. சத்தம் இன்னும் வரவில்லை. நேற்றுக் கரையில் உட்கார்ந்து காதில் வாங்கிய பாடம் சென்னம்மாளுக்குத்தான் முதலில் நினைவுக்கு வந்தது. தண்ணீர் ஓரத்துக்கு ஓடினாள்.

“உடுங்க! கவுத்த உடுங்க! ஏனுங்க, உட்டுருங்க!”

அவள் குரல் பாதி ஏரிகூடப் போயிருக்காது. அங்கே மகளும் அதையே கத்தினாள். காற்று வந்து பாயில் விழுந்தது. படகு ஒருக்களித்தது. லாரி வளைவில் சாயும்போது லோடுமேன் என்ன செய்வானோ அதையே அர்த்தனாரி செய்தார். இரண்டு காலையும் பலகையில் உதைத்து, பின்னால் சாய்ந்து, கயிற்றைக் கையில் சுற்றி, உயிரைக் கொடுத்து இழுத்தார். இழுக்க இழுக்கப் பாய் இறுகியது, படகு இன்னும் சாய்ந்தது. சிவப்புப் பாய் தண்ணீரில் படுத்தது.

சென்னம்மாள் கண்ணுக்குப் படகின் வயிறு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் ஒரு ஆரஞ்சு ஜாக்கெட். புருசன். மகளைக் காணோம். கட்டச் சொன்னேனே, கட்டச் சொன்னேனே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கிளப்பின் மீட்பு மோட்டார் படகு அந்தப் பக்கம் கவிழ்ந்த இன்னொரு படகிடம் போயிருந்தது, இப்போதுதான் திரும்பி வந்துகொண்டிருந்தது.

பிறகு பாய்க்கு அப்பால், கொஞ்சம் தள்ளி, இன்னொரு ஆரஞ்சு எழும்பியது. கை வீசியது. நீந்தியது. அருள்மொழி! எப்படி வந்தாள், முடிச்சு எப்படி விட்டது என்றெல்லாம் சென்னம்மாள் யோசிக்கவில்லை. “என் கண்ணு, என் சாமி” என்று முழங்காலளவு தண்ணீரில் நின்று கூத்தாடினாள். சின்னாயி அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

இந்தப் பக்கத்து ஆரஞ்சு அலையில் ஆடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, அது ரொம்ப லேசாக ஆடுகிறது என்று பட்டது. அதற்குள் தலை இல்லை. தோள் இல்லை. அர்த்தனாரி அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படகுக்கு அடியில் போயிருந்தார்.

ஒரு தடவை தலை வெளியே வந்தது. “அருளூ!” என்று ஒரு சத்தம். பாயும் காற்றும் நடுவில். “அப்பா, நான் இங்க இருக்கறேன், அப்பா!” என்று அந்தப் பக்கம் இருந்து அவள் கத்தியது அவர் காதுக்குப் போகவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி அடியில் போனார். அப்புறம் வரவில்லை.

கயிறுகளை அறுத்துக் கரைக்குக் கொண்டுவந்து போட்டு, நெஞ்சை அழுத்தி, வாயில் ஊதி, குழந்தைசாமியும் இன்னும் இரண்டு பேரும் என்னென்னவோ செய்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இடது கையில் பாய்க்கயிறு சுற்றியபடியே இருந்ததாம், அதுதான் அவரை மேலே வரவிடவில்லையாம். வலது கை விரல்கள், மகளின் இடுப்பில் போட்ட நைலான் கயிற்றின் வளையத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. நகம் மூன்று பெயர்ந்திருந்தது. வளையம் காலி. மேல் முடிச்சு மட்டும் தண்ணீரில் ஊறி, கல்லாக இறுகி, அப்படியே இருந்தது.

அருள்மொழி நடுங்கிக்கொண்டு அந்த வளையத்தையே பார்த்தாள்.

“கட்டறப்ப நான் மூச்சுப் புடிச்சு வயித்த உப்பிக்கிட்டு நின்னேம்மா. கவுறு தொளதொளன்னு இருந்துச்சு. பாதி ஏரி போறதுக்குள்ளயே கால் வழியா கழட்டிட்டேன். அப்பா பாய் மேலயே கண்ணா இருந்தாரு, பாக்கல. சொன்னா வருத்தப்படுவாருன்னு சொல்லல. ஒரு வார்த்த... ஒரு வார்த்த சொல்லியிருந்தா...”

குதிரைகூடச் சேணம் கட்டும்போது வயிற்றை உப்பும். அந்தக் கன்னத்து உப்பலைப் பார்த்துக் கோபம் என்று நினைத்தாளே, பெற்றவள்! சென்னம்மாள் மகளின் ஈரத் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

“கட்டச் சொன்னது நானு கண்ணு. நீ இல்ல. நானு.”

ஆஸ்பத்திரி வேலையெல்லாம் முடிந்து மறுநாள் மதியம்தான் உடம்பைக் கொடுத்தார்கள். கார்த்தியைப் புதைத்த இடம் முள்ளுக்குறிச்சியில் இருந்தது. அவன் பக்கத்தில்தான் என்று பங்காளிகள் முடிவு செய்தார்கள். மூன்று வருடமாக இறங்க மாட்டேன் என்றிருந்த மனுசனை இறக்க ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. செம்மேட்டு லோடுமேன்கள் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பாடையைத் தூக்கி வண்டியில் வைத்ததும், செல்லமுத்து கயிறு எடுத்தார். அர்த்தனாரியோடு இருபது வருடம் மூட்டை தூக்கியவர். கண்ணில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது, கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. இந்தப் பக்கக் கொக்கியிலிருந்து அந்தப் பக்கக் கொக்கிக்குப் போட்டு, இழுத்து, லோடு முடிச்சுப் போட்டார். பிறகு வால்நுனியைச் சுற்றி இன்னொன்றும் போட்டார்.

“அண்ணா,” என்றாள் சென்னம்மாள். “அந்த மேல் முடிச்ச அவுத்துருங்க.”

செல்லமுத்துவுக்குப் புரியவில்லை. “பாத பூரா வளைவு அம்மிணி. சாஞ்சிரும்.”

“சாஞ்சா சாயட்டும். இழுத்தா அவுறணும். நாங்க ரெண்டு பேரும் புடிச்சுக்கறம்.”

செல்லமுத்து அவளைப் பார்த்தார். கார்த்தி முடிச்சு என்று தாங்கள் வைத்த பேர் அவளுக்குத் தெரியும் என்பது சுற்றி நின்ற லோடுமேன்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. செல்லமுத்து குனிந்து மேல் முடிச்சைப் பிரித்துவிட்டார்.

சென்னம்மாள் ஒரு பக்கமும் அருள்மொழி மறு பக்கமுமாக ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி இறங்கத் தொடங்கியது. முதல் வளைவில் அவர் மனைவி பக்கம் சாய்ந்தார். அவள் தாங்கிக்கொண்டாள். அடுத்த வளைவில் மகள் பக்கம் சாய்ந்தார். அவள் தாங்கிக்கொண்டாள். கயிற்றின் வால்நுனி இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கி ஆடிக்கொண்டே வந்தது. அதை இருவரும் தொடவில்லை. பாறை வளைவு வந்தபோது, சென்னம்மாள் கையை நீட்டி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.